அதே பேர்க்காரன்

கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே வந்த மஸ்தான் பாய் சட்டென்று விரலை எடுத்தார்.

"வேடியண்ணே, இந்தப் பேரை நான் ஏற்கெனவே அடிச்சிருக்கேன்."

"என்னா பேரு பாய்?"

"தோர்பியோர்ன். உங்க பழைய கிழவர் பேரு. அதே சுவீடன். ஒரு எழுத்து மாறல."

வேடியப்பன் மேசையைச் சுற்றி வந்து திரையை எட்டிப்பார்த்தான்.

வெளிநாட்டுக்காரனுக்கு அறை கொடுத்தால் ஒரு நாளைக்குள் போலீசுக்கு விவரம் ஏற்றிவிட வேண்டும். செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைச் சுற்றி அறை வாடகைக்கு விடுகிறவர்களில் பாதிப் பேர் பாஸ்போர்ட் நகலைத் தூக்கிக்கொண்டு மஸ்தானின் பிரவுசிங் கடைக்குத்தான் வருவார்கள். வேடியப்பன் பத்து நாள் செய்யாறு பக்கம் கல் வேலைக்குப் போய்விட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தான். முந்தின நாள் சாயங்காலம் அவன் மனைவி சரோஜா மாடியறையை ஒருத்தனுக்கு விட்டிருந்தாள். அவள் கொடுத்த நகலை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தானே தவிர, அதில் என்ன எழுதியிருக்கிறதென்று வேடியப்பன் பார்க்கவில்லை. பார்த்தாலும் அவனுக்கு இங்கிலீஷ் எழுத்து வராது.

"கடைசிப் பேரு மட்டும் வேற," என்றார் மஸ்தான். "அவரு லிண்ட்குவிஸ்ட். இவன் ஏக்னு போட்டிருக்கு."

"மகள் வயித்துப் பேரனா இருந்தா கடைசிப் பேரு மாறத்தான செய்யும்?"

"அதானே. வயசு முப்பத்தேழு. சரியா வருது பாருங்க. எங்க தாத்தா மஸ்தான், நான் மஸ்தான். பேரு சும்மா வந்து ஒட்டிக்குமா?" மஸ்தான் குரலைத் தாழ்த்தினார். "கிழவர் வீட்டைக் கேக்கத்தான் வந்திருக்கான்ணே. உஷாரா இருங்க."

வேடியப்பனின் வகையறாவில் பேர் என்பது விளையாட்டுச் சங்கதி இல்லை. செங்கத்துக்கு மேற்கே அவர்களுடைய குலசாமி வேடியப்பன் நடுகல்லாக நிற்கிறார். அங்கே பொங்கல் வைக்கிற நாளில் "வேடி" என்று ஒரு சத்தம் கொடுத்தால் ஏழு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பெரிய வேடி, குட்டை வேடி, மிலிட்டரி வேடி. இவன் கல்லு வேடி. தாத்தன் பேரைப் பேரனுக்கு வைப்பது முறை. வைத்துவிட்டால் தாத்தன் சொத்தில் அந்தப் பேரனுக்கு ஒரு பங்கு உண்டு. தாத்தா பேரைச் சொல்லியே கிணற்று மேட்டில் முப்பது சென்ட்டைப் பெரியப்பன் மகன்களின் வாயிலிருந்து பிடுங்கியவன் வேடியப்பன். ஒரு பேர் என்னவெல்லாம் செய்யும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது அவன் குடியிருக்கிற கல் வீடு பெரியவர் தோர்பியோர்ன் கட்டியது. டூரிஸ்ட் விசாவில் வருகிறவன் இங்கே நிலம் வாங்க முடியாது. அதனால் நம்பிக்கையான உள்ளூர்க்காரன் பேரில் பத்திரம் போட்டுவிட்டு அதில் குடியிருப்பார்கள். பெரியவர் தன்னிடம் கல் வேலை செய்த வேடியப்பன் பேரில் போட்டார். காசு அவருடையது, கொத்து இவனுடையது. கருங்கல்லிலேயே மூன்று வருஷம் கட்டினார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் பெரியவர் கீழறையில் செத்துப்போனார். சாகிற வாரம் வாயால் ஒன்று சொன்னார். காகிதத்தில் எதுவும் எழுதவில்லை. தூதரகத்திலிருந்து போன் வந்தது. சுவீடனில் இருக்கிற மகள், காரியத்தை அங்கேயே முடித்துவிடச் சொன்னாளாம். வீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காததை வேடியப்பனும் சொல்லவில்லை. குடும்பத்தோடு உள்ளே வந்தான், மேலே செங்கல்லில் ஓர் அறை போட்டான், ஊரும் பழகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மகள் இனியாவைக் கூப்பிட்டான். அவள் ஆசிரமத்துக்கு எதிரே ஒரு கஃபேயில் கல்லாவில் உட்காருகிறாள். இங்கிலீஷ் தண்ணீராக வரும்.

"இந்தப் பேரைப் போன்ல போட்டுப் பாரு."

இனியா போட்டாள். "இந்தப் பேர்க்காரங்களுக்குன்னே ஒரு பக்கம் இருக்கு நைனா. ஒருத்தர் அவங்க நாட்டுப் பிரதமரா இருந்தவரு. ஒருத்தர் ஃபுட்பால். ஒருத்தர் பில்லியர்ட்ஸ்ல உலக சாம்பியன். கீழ போயிட்டே இருக்கு."

"எல்லாம் ஒரே வகையறாவா?"

"ஐயோ நைனா, அது சும்மா பேரு."

"அர்த்தம் என்னான்னு பாரு."

"தோர்னா அவங்களோட பழைய இடி சாமியாம். பியோர்ன்னா கரடி."

"பாத்தியா? சாமி பேரு. பங்காளிங்கதான் எல்லாம்."

அடுப்படியிலிருந்து சரோஜா எட்டிப்பார்த்தாள். "பிரதமர் பங்காளி வந்து நம்ம மாடியில படுப்பானா? பாத்ரூம்ல தண்ணி நிக்குதுன்னு காலைல அவனே பைப்பைக் கழட்டி அடைப்பு எடுத்தான், பாவம்."

"தன் வூடுன்னு நெனைக்கறவன்தான்டி பைப்பைக் கழட்டுவான்."

அதற்குப் பிறகு புதியவன் செய்ததெல்லாம் வேடியப்பனுக்கு ஒரே திசையில்தான் போனது. விடிந்ததும் கீழே வந்து சுவரைத் தடவிப் பார்த்தான். கல் இணைப்பில் விரலை ஓட்டினான். தெருவில் நின்று வீட்டை நாலு பக்கமும் படம் பிடித்தான். சரோஜாவிடம் வீடு கட்டி எத்தனை வருஷம் என்று சைகையில் கேட்டான். அவள் வெகுளியாகப் பத்து விரலையும் விரித்து, பிறகு இன்னும் ஐந்தைக் காட்டினாள். அன்று வேடியப்பன் அவளோடு பேசவில்லை.

அவன் டீக்கடைக்குப் போனான், பூக்காரியிடம் போனான், ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனான். "பழைய கிழவரைப் பத்தி எவனாவது கேட்டா தெரியாதுன்னுடுங்க" என்று சொல்லி வைத்தான். அதுவரை கிழவரை மறந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ஏன் வேடி, கேஸா?" என்றான் ஆட்டோ அன்பரசன்.

"கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"இல்லாமதான் இப்படி வேர்க்குதா? நேத்து என் வண்டியிலதான் அந்தாளு சுத்துனான். ஒரு நோட்டு வெச்சிருக்கான். 'தோர்பியோர்ன் தெரியுமா, தோர்பியோர்ன் தெரியுமா'ன்னு ஒவ்வொரு கடையா எறங்கிக் கேக்கறான். நான், 'நீதானய்யா அது, உன்னையே நீ தேடறியா'ன்னேன். கெக்கெக்கேன்னு சிரிக்கறான்."



நாலாம் நாள் காலை புதியவன் வெளியே கிளம்பியபோது வேடியப்பன் மொபெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான். ஆட்டோ டவுனைத் தாண்டி வேங்கிக்கால் போய் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றது. புதியவன் உள்ளே போனான். வேடியப்பன் எதிர்ப்பக்கம் ஜூஸ் வண்டி நிழலில் நின்றான். பத்திரம், பட்டா, தாசில்தார், வக்கீல் என்று ஒவ்வொன்றாக மனதில் வந்து போயின. ஒன்றரை மணி நேரம் கழித்து புதியவன் ஒரு சீட்டோடு வெளியே வந்தான். அந்தச் சீட்டைப் பார்த்ததும் வேடியப்பன் மொபெட்டை வீட்டுப் பக்கம் திருப்பினான். முப்பது வருஷம் சம்மட்டி பிடித்தவன், ஒரு துண்டுக் காகிதத்துக்குப் பயந்து ஓடினான்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து மஞ்சள் பையை எடுத்தான். மதிய ஷிஃப்டுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த இனியாவை இழுத்துக்கொண்டு மாடியேறினான்.

புதியவன் அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றியிருந்தான். அவசரமாகத் துண்டைப் போர்த்திக்கொண்டான். வேடியப்பன் பையைக் கவிழ்த்து மேசையில் கொட்டினான்.

"சொல்லு இவன்கிட்ட. பத்திரம் என் பேரு. பட்டா என் பேரு. வீட்டு வரி என் பேரு, கரண்டு கார்டு என் பேரு. கிழவர் பேரை வெச்சிக்கிட்டு எவன் வந்தாலும் ஒரு கல்லைக்கூட அசைக்க முடியாதுன்னு சொல்லு."

இனியா சொன்னாள்.

"நீ கம்மியா சொல்ற."

"எல்லாத்தையும்தான் சொன்னேன். இங்கிலீஷ்ல இவ்ளோதான் வரும்."

புதியவன் காகிதங்களைப் பார்த்தான், வேடியப்பனைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல விரிந்தது. ஏதோ கேட்டான்.

இனியா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப அவரு கட்டுன கல் வூடு இதுதானாங்கறாரு. நாலு நாளா ஊர் பூரா கேட்டாராம், யாருமே சொல்லலியாம். வூட்டைப் பாத்து சந்தேகப்பட்டாராம், ஆனா உறுதி இல்லியாம்."

பூட்டி வைத்ததை வேடியப்பனே திறந்து, விளக்கும் பிடித்துக் காட்டியாயிற்று.

புதியவன் நோட்டை எடுத்துப் பிரித்தான். பக்கத்துக்கு ஒரு ஆள். ஒட்டிய படம், கீழே பொடி எழுத்து. பெரும்பாலும் கிழவர்கள். அவன் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, இனியா சொல்லிக்கொண்டு வந்தாள்.

"இந்தப் பேரு அங்க ரொம்பப் பழசாம். இவரு வயசுல யாருக்கும் வெக்கறதில்லியாம். ஸ்கூல்ல பசங்க இவரைத் தாத்தான்னுதான் கூப்பிடுவாங்களாம். அதுல இருந்து அதே பேர்க்காரங்களைத் தேடிப் பிடிச்சி எழுதறாராம். புக்கு போடப் போறாராம். பிரதமரு, சாம்பியன் எல்லாம் எல்லாருக்கும் தெரியும், தெரியாதவங்களும் வரணுங்கறாரு. இவரு ரொட்டி சுடறவரு. இவரு கலங்கரை விளக்குல இருந்தவரு."

"அவரு பேரன்தான நீ?" வேடியப்பன் நேராகவே கேட்டான்.

இனியா அதைச் சொன்னதும் புதியவன் இல்லையென்று பலமாகத் தலையாட்டினான். "சொந்தமே இல்லியாம் நைனா. அங்க தாத்தா பேருதான் வெக்கணும்னு கட்டாயம் இல்லியாம். இவங்கம்மாவுக்குப் பிடிச்சிருந்துச்சாம், அவ்ளோதான்."

"கலெக்டர் ஆபீஸ்ல?"

"இறந்த தேதி எங்க கேக்கணும்னு விசாரிச்சாராம். வேற ஆபீசுக்குப் போன்னு எழுதிக் குடுத்தாங்களாம்." இனியா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஆமாம் என்றாள்.

வேடியப்பனுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. ஆனால் புதியவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். இனியா உடனே மொழிபெயர்க்கவில்லை.

"என்னாடி?"

"பெரியவர் பொண்ணுகிட்ட கேட்டுட்டுத்தான் வந்திருக்காராம். கல்லுல வூடு கட்டறேன்னு அவங்கப்பா லெட்டர் போட்டாராம். அவங்கம்மா, அந்தாளு பொய்க்காரன்னு சொல்லிட்டாங்களாம். அது நெசமா பொய்யான்னு பாத்து எழுதுங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லி அனுப்புச்சாம்."

ஆக, சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நிற்கிறது. வேடியப்பன் காகிதங்களைத் திரும்பப் பைக்குள் திணித்தான். அவன் முகத்தைப் பார்த்த புதியவன் தணிந்த குரலில் ஏதோ சொன்னான்.

"உங்களுக்குத் தொந்தரவுன்னா வூட்டைப் பத்தி எழுதலங்கறாரு. இந்த ஊர்ல ஏதோ ஒரு ரூம்ல இருந்தாருன்னு போட்டுடறாராம்."

"போடச் சொல்லு. அதான் சரி."

புதியவன் பெரியவர் படம் ஒட்டிய பக்கத்தைத் திருப்பினான். மீசையோடு இளவட்டமாக இருந்தார். கீழே ஒரு வரிதான் எழுதுவதற்கு இருந்தது போல. பேனா ஓடத் தொடங்கியது. வேடியப்பன் படத்தைப் பார்த்தபடி நின்றான்.

ஏதோ ஒரு ரூம். மூன்று வருஷம். வாசல் மேல்கல்லைத் தூக்கப் பதினாலு ஆள் பிடித்தார்கள். பதினைந்தாவதாக அந்த மனுஷன் தோள் கொடுத்து, தோல் உரிந்து, ஒரு வாரம் சட்டை போட முடியாமல் திரிந்தார். இணைப்பில் நூல் நுழைந்தாலும் பிரித்துத் திருப்பி வைக்கச் சொல்லி வேடியப்பனின் உயிரை வாங்கினார். வாழ்க்கையில் எத்தனையோ கோயிலுக்கும் பங்களாவுக்கும் கல் கொத்திக் கொடுத்திருக்கிறான். இது மாதிரி ஒன்று அவன் கையிலிருந்து வந்ததில்லை. இனி வரவும் வராது. அது இல்லையென்றால் அவர் பொய்க்காரர். சரி, அவர் பொய்க்காரராகவே போகட்டும். ஆனால் அந்த மூன்று வருஷம் இவன் என்ன செய்துகொண்டிருந்தான்?

"ஏய், நிறுத்தச் சொல்லு."

பேனா நின்றது.

"ரூம் இல்ல. வூடு. கருங்கல்லு. மேல்கல்லு பதினாலு ஆளு தூக்குனது. வெட்டுனது நான். அவரு பொய் சொல்லலன்னு அந்தப் பொண்ணுக்கு எழுதச் சொல்லு."

இனியா சொல்லச் சொல்லப் புதியவன் எழுதினான். பக்கம் நிறைந்து அடுத்த பக்கமும் போனது. வேடியப்பனுக்கு மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது. நான் நாலு வார்த்தை சொன்னால் இவன் நாற்பது வரி எழுதுகிறானே.

"படிச்சிக் காட்டச் சொல்லு. அவன் பாஷையிலயே படிக்கட்டும்."

புதியவன் படித்தான். ஒன்றும் விளங்கவில்லை. வேடியப்பன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். அவன் பேர் இரண்டு இடத்தில் வந்தது.

"ரெண்டாந்தடவை என் பேரு எதுக்கு?"

இனியா கேட்டுச் சொன்னாள். "மொத தடவை கல்லு வெட்டுனது யாருன்னு. ரெண்டாவது, இப்ப வூடு யாருதுன்னு. அதுல ஒண்ணு கேக்கறாரு நைனா. அவரு குடுத்தாரா, எப்படிக் குடுத்தாருன்னு எழுதலாமாங்கறாரு."

சரோஜா எப்போது மேலே வந்தாளோ, படியில் நின்றுகொண்டிருந்தாள். வேடியப்பன் அவளைப் பார்த்தான். பத்திரத்தைக் காட்டிப் பேசினால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"வாயால குடுத்தாரு," என்றான். "காயிதம் கெடையாது. 'நீயே இரு வேடி'ன்னாரு. சாட்சி என் பொண்டாட்டி மட்டும்தான். நம்பறதும் நம்பாததும் அந்தப் பொண்ணு இஷ்டம். அப்படியே எழுதச் சொல்லு."

புதியவன் நிமிர்ந்து சரோஜாவைப் பார்த்துவிட்டு எழுதினான்.

"மறுபடியும் படிக்கச் சொல்லு," என்றான் வேடியப்பன்.

இந்தத் தடவை நடுவில் சரோஜா என்ற பேரும் வந்தது.