கொல்லைக்கு வந்த கடல்

1974-ஆம் வருடம் ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, திருவானைக்காவலில் லூர்துராணியின் வீட்டுக்குப் பின்னால் இருந்த தரிசு வயலுக்குக் கடல் வந்தது. காவிரித் தண்ணீர் இல்லை, கொள்ளிடத் தண்ணீரும் இல்லை, கடலேதான். உப்புக் கரித்தது. நாளைக்கு இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை இறங்கியது. கடற்கரை அங்கிருந்து பஸ்ஸில் போனால் நூறு கிலோமீட்டருக்குக் குறையாது என்பது கடலுக்குத் தெரியாதா என்று கேட்டால் நான் என்ன சொல்ல? வந்துவிட்டது. வந்ததும் ஒழுங்காகத்தான் இருந்தது. பக்கத்து ரத்தினவேலின் வாழைத்தோட்டத்தில் ஒரு சொட்டு உப்பு ஏறவில்லை. ஒரு வாரம் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து பஸ் பிடித்து ஜனங்கள் வந்து காலை நனைத்துக்கொண்டார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

லூர்துராணி ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அவள் கணவர் அமிர்தராஜுக்குக் கைலாசபுரத்தில் ஆலை வேலை. பதினாறு வருடத்தில் ஒன்பது வாடகை வீடு மாறிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து இரண்டு பேரும் தாங்களே சாந்து குழைத்துக் கட்டிய வீடு அது. கடலோ வருடத்துக்கு ஒரு சாண் உயர்ந்துகொண்டே வந்தது. இப்படியே போனால் ஆறு வருடத்தில் அடுப்படிக்குள் வந்துவிடும் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். "பத்தாவது வாடகை வீட்டுக்கு நான் வரமாட்டேங்க" என்று லூர்துராணி முதலிலேயே சொல்லிவிட்டாள்.

ஆற்றங்கரைக்காரர்களுக்குத் தெரிந்தது இரண்டே காரியம். தண்ணீர் வந்தால் கும்பிடுவார்கள்; நிறைய வந்தால் கரை கட்டுவார்கள். மறுவருடம் ஆடிப் பதினெட்டுக்குத் தெருப் பெண்கள் காப்பரிசியும் காதோலை கருகமணியுமாக இந்தக் கடலுக்கே வந்து படைத்துவிட்டுப் போனார்கள். அமிர்தராஜ் கொல்லைக் கடைசியில் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பினார். சும்மா சொல்லக்கூடாது, கோட்டைச் சுவர் தோற்றுப்போகும்.

அதற்குள் கடலோரச் சேற்றில் கணுக்கணுவாக, பச்சையும் சிவப்புமாக ஒரு செடி அடர்ந்திருந்தது. சைக்கிள் கடைக்காரர் மனைவி வஹீதா முத்துப்பேட்டைப் பக்கத்துப் பெண். அவள்தான் பெயர் சொன்னாள். "இது உமரிக்கீரை, அக்கா. எங்க ஊர்ல கடலோரமெல்லாம் இதுதான். பருப்புல போட்டுக் கடைஞ்சா உப்பே போட வேணாம்." அது நிஜம்தான். ஆனால் கடல் உயர உயர, உமரி மேட்டைத் தேடிப் பின்னால் நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் சுவர் நின்றது. முன்னால் தண்ணீர், பின்னால் செங்கல். நாலு வருடத்தில் அந்தப் பச்சை ஒரு முழத் துண்டாகக் குறுகிவிட்டது. தடுக்கச் செடியில்லாமல் அலை நேராகச் சுவரில் மோதியது. அடியில் கசிந்து அடுப்படித் தரையில் உப்புப் பூத்தது. அமிர்தராஜ் இன்னும் இரண்டு வரி செங்கல் ஏற்றினார். வேறென்ன செய்வார், பாவம்.

1979 மார்கழியில் சுவரின் ஒரு மூலை நாலு முழத்துக்கு விழுந்தது. அவருக்கு அப்போது டபுள் ஷிப்ட், எடுத்துக்கட்ட முடியவில்லை. அந்தச் சந்து வழியாக உமரி உள்ளே வந்தது. தண்ணீரில் கலந்து வரும் வண்டலைத் தண்டால் தடுத்து, தன் காலடியிலேயே போட்டுக்கொண்டு, அதன் மேல் ஏறி நின்றது. லூர்துராணி தையல்காரி இல்லையா, ஒரு குச்சியை நட்டு, தினமும் இஞ்சு டேப்பால் அளந்தாள். சித்திரைக்குள் அந்த மூலை மட்டும் ஒரு சாண் உயர்ந்திருந்தது. கொல்லை முழுக்க ஈரமாக இருந்த நாளிலும் அங்கே தண்ணீர் தாண்டவில்லை.

"சுவரை இடிச்சிரலாங்க" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? என் முதுகு ஒடியக் கட்டினது."

"நீங்க கட்டினதை நான் குறை சொல்லலைங்க. உமரிக்கு நகர இடமில்ல, அவ்வளவுதான். நம்ம காவிரி அடிச்சுக்கிட்டுப் போன மண்ணைத்தான் கடல் திருப்பிக் கொண்டாந்து தருது. வாங்கிக்க ஆள் வேணாமா?"

அமிர்தராஜ் இரண்டு நாள் அந்த மூலையில் தானும் டேப்பைப் பிடித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் அவரே கடப்பாரையை எடுத்தார். சுவர் போனதும் உமரி கொல்லைக்குள் வந்தது. முருங்கை மரம் உப்பில் பட்டுப்போனது; அதற்காக லூர்துராணி ஒரு பொழுது அழுதாள். துவைக்கிற கல்லைச் செடி மூடியது. ஐப்பசிக்குள் அடுப்படிச் சுவரைத் தொட்டு, அஸ்திவாரத்துக்கு அடியில் வேர் விட்டது.

அந்த ஐப்பசிப் பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் தண்ணீர் என்றும் இல்லாத உயரத்துக்கு வந்தது. பாத்திரம், தையல் மெஷின் எல்லாம் ரத்தினவேலின் மாட்டுவண்டியில் ஏறி வாசலில் தயாராக நின்றன. புருஷனும் பெண்டாட்டியும் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். தண்ணீர் உமரிக்குள் நுழைந்து, வேகம் செத்து, அடுப்படி வாசற்படிக்கு ஒரு விரல் கீழே நின்றது. ஒரு மணி நேரம் நின்றது. பிறகு இறங்கிப் போனது.

வண்டியை அவிழ்க்கச் சொல்ல வாசலுக்கு ஓடிய அமிர்தராஜ், தெருவில் கால் வைக்கிற இடத்தில் தெரு இல்லாமல் குப்புற விழுந்தார். எழுந்து பார்த்தால் வீடு தெருவைவிட ஒரு சாண் மேலே நின்றது. வேர் தூக்கிய வீட்டில் ஒரு கீறல் இல்லை. சுவரில் மாட்டிய சிலுவை சாயவில்லை. லூர்துராணி டேப்பைப் பிடித்தாள்: ஒன்பது அங்குலம். அப்படியே கொல்லைக்குப் போய் உமரியடிச் சேற்றில் முழங்காலிட்டு, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உனக்கு நாங்க செஞ்சது ஒண்ணுமில்லையே, சாமி. வழியை மறிச்சதைத் தவிர" என்றாள்.

"ஒரு படி கட்டணும்" என்றார் அமிர்தராஜ்.

கட்டினார். அடுத்த வருடம் கடல் ஒரு சாண் ஏறியது, உமரி ஒரு சாண் ஏறியது, வீடும் ஏறியது. அவர் இன்னொரு படி கட்டினார். 1987-இல் எட்டுப் படிகள் இருந்தன. தபால்காரர் மட்டும் முழங்கால் வலி என்று கீழேயே நின்று கூப்பிடுவார். லூர்துராணி மோரை எடுத்துக்கொண்டு இறங்கி வருவாள்.