ஊருக்குப் போகிற பெட்டிகள்

ஒரு நாற்காலியை இனிமேல் நாற்காலி இல்லை என்று சொல்கிற அதிகாரம் குழந்தைவேலுவுக்கு இருந்தது. போர்ட் பிளேரில் ஓர் அரசுத் துறையின் ஸ்டோர்ஸ் சூப்பிரண்டு அவர். பழைய சாமான்களைக் கழித்துக்கட்ட அங்கே மூன்று பேர் கொண்ட ஒரு குழு உண்டு. கண்டம்னேஷன் போர்டு என்று பெயர். மூவரும் ஒரு மேசையையோ மின்விசிறியையோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்து, 'உதவாது' என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் அது கண்டம் ஆகிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கிற மின்விசிறியாக இருந்தாலும் சரி, அதோடு அதன் கதை முடிந்தது. குழந்தைவேலு பல வருஷங்களாக அந்தக் குழுவில் இருக்கிறார். இந்தத் தீவில் அவர் கண்ணில் பட்டும் கண்டமாகாமல் தப்பித்தது கடல் ஒன்றுதான் என்று அலுவலகத்தில் சொல்லிக்கொள்வார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

இப்பேர்ப்பட்டவருடைய வீட்டில், மரைன் ஹில் ஏற்றத்தில் இருக்கிற குவார்ட்டர்ஸில், இரண்டாவது அறையின் கதவு பாதிக்கு மேல் திறக்காது. உள்ளே தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் அட்டைப்பெட்டிகள். எல்லாம் 'ஊருக்கு.'

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து குழந்தைவேலு இங்கே வேலைக்கு வந்தபோது இரண்டொரு வருஷம் இருந்துவிட்டு மெயின்லேண்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவதாகத்தான் ஏற்பாடு. போகப்போகிறவன் எதற்குப் பெட்டியைப் பிரிக்க வேண்டும்? ஆகவே பிரிக்கவில்லை. அப்புறம் இங்கே வாங்கிய நல்ல பொருளையும் அதே மாதிரி கட்டி வைத்தார். ஊரில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். அதில் ஒரு வீடு கட்டுவார். அந்த வீட்டுக்கு இதெல்லாம் வேண்டுமல்லவா? மனையில் இதுவரை அடுத்த வீட்டு ஆடுகள் மேய்ந்ததைத் தவிர வேறு காரியம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு வேண்டிய மிக்ஸியும் பீங்கான் தட்டுகளும் படுக்கை விரிப்புகளும் தயார். மாற்றல் வரும் வரைக்கும் குடும்பம் நெளிந்த எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பிள்ளைகளும் ஹாலில் படுத்தே வளர்ந்தார்கள். மகள் உமா மகேஸ்வரி கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். மகன் பிரவீன்குமார் கல்லூரிக்குப் போகிற வயதிலும் டிவிக்குக் கீழேதான் படுக்கிறான்.

தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை விஜயனும் ஹாலில்தான் படுத்தார். அவர் உயரம். தலை வாசல்பக்கம் இருந்தால் கால் சமையலறைக்குள் போய்விடும். விடியற்காலையில் டீ போட எழுந்த மாமியார் வைஜெயந்தி, மாப்பிள்ளையின் காலைத் தாண்டுவது எப்படி என்று தெரியாமல், அவராக விழித்துக்கொள்ளட்டும் என்று சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை நல்ல தூக்கக்காரர். அன்றைக்கு அந்த வீட்டில் டீ கிடைக்க நேரமாயிற்று.

போன வாரம் உமா போன் செய்தாள். லீவு கிடைத்திருக்கிறது, இருவரும் வருகிறார்கள். வைஜெயந்தி என்ன மீன் வாங்குவது என்று ஆரம்பிப்பதற்குள் மீதியையும் சொன்னாள்.

"லாட்ஜ் புக் பண்ணிட்டோம்மா. பகல்ல பூரா வீட்லதான் இருப்போம். படுக்க மட்டும் அங்க. அவரு கால நீட்டிப் படுக்கணும்ல."

வைஜெயந்தி "சரிம்மா" என்றாள். போனை வைத்துவிட்டு, அன்று வாங்கிய சங்கரா மீனின் செதிலைப் பகையாளியின் தோலை உரிப்பதுபோல் உரித்தாள்.  குழந்தைவேலு சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் சொன்னாள்.

"பெத்தவ உசுரோட இருக்கிற ஊர்ல மக லாட்ஜுல படுக்கப் போறா. நீங்க அந்த ரூமக் காலி பண்ணுங்க. இல்லாட்டி நானும் எம் மக கூட லாட்ஜுக்குப் போயிருவேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். குழந்தைவேலு ஞாயிற்றுக்கிழமைக்குக் குழுவைக் கூட்டினார்.

வீட்டுக் காரியம்தானே என்று அவர் லுங்கியோடு வரவில்லை. பேண்ட், சட்டை, பையில் பேனா. தலைவர் தாமே. பிரவீன் உறுப்பினர், சுமைதூக்கியும் அவனே. வைஜெயந்தியும் உறுப்பினர்தான், ஆனால் கொஞ்ச நேரத்திலேயே அவளுக்குத் தான் குற்றவாளிக் கூண்டில் நிற்பது விளங்கிவிட்டது. ஏனென்றால் கதவருகில் இருந்தவை எல்லாம் அவளுடையவை. கைப்பிடி போன குக்கர். மூடி மட்டும் மிஞ்சிய ஒரு தூக்குச்சட்டி. பால் பவுடர் டப்பாக்கள். மழைக்காலத்தில் உப்பு தண்ணீர் விட்டுக் கசியாமல் இருக்க டப்பா வேண்டும் என்றாள். தலைவர் ஒரு டப்பாவைச் சுற்றி வந்தார்.

"இவ்வளவு டப்பாவுக்கு உப்பு வேணும்னா கடலத்தான் காய்ச்சணும். அன்சர்வீசபிள்."

அவள் வாதாடவில்லை. டப்பாக்கள் வராந்தாவுக்குப் போயின. குக்கர் போயிற்று. கிழிந்த குடையைத் தைத்துவிடலாம் என்றாள், அதுவும் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் தலைவர் காரணம் சொன்னார், சிறு சொற்பொழிவும் சொன்னார். மனிதனுக்கு வேண்டியது மிகக் கொஞ்சம் என்றார். பொருளைப் பிடித்துக்கொண்டிருப்பவனைப் பொருள் பிடித்துக்கொள்கிறது என்றார். பிரவீன், "பஸ் கரோப்பா, போதும், முதுகு வலிக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனான்.

அடுத்த வரிசை நீல நைலான் கயிறு போட்டுக் கட்டியது. பெரிய பெட்டி. கனமாக இருக்கும் என்று மூச்சை இழுத்துப் பிடித்துத் தூக்கினான். பெட்டி பஞ்சு மாதிரி எழும்பி வர, அவன் பின்னால் போய்க் கதவில் மோதிக்கொண்டான். கயிற்றை அவிழ்த்தால் உள்ளே ஒரு காலிப் பெட்டி. அதற்குள் இன்னொன்று. அதற்குள் மடித்த சாக்கும் ஒரு பந்து கயிறும்.

"அதத் தொடாத. அது கப்பல் பெட்டி" என்றார் குழந்தைவேலு.

தீவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கப்பலில் சாமான் ஏற்றுவதற்குத் தோதான அட்டைப்பெட்டி லேசில் கிடைப்பதில்லை. ஆப்பிள் பெட்டிக்காகப் பழக்கடையில் சொல்லி வைக்கிறவர்கள் உண்டு. ஆனால் பெட்டி கிடைப்பதற்கும் கிடைத்த பெட்டியை எல்லாம் அடைகாப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பிரவீன் நீலக் கயிறு கட்டிய எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தான். எல்லாம் ஒரே சத்தம். அறையில் பாதி வெறும் காற்று. அதுவும் வரிசையாக அடுக்கிக் கட்டிய காற்று.

வைஜெயந்தி வாசல்நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"ஏங்க. காலிப் பெட்டிக்குள்ள காலிப் பெட்டிய வச்சு, கயிறும் கட்டியிருக்கீங்க. இதுக்கு ஒங்க ஆபீஸ்ல என்னங்க பேரு?"

குழந்தைவேலு யோசித்தார். "ரிசர்வ் ஸ்டாக்" என்றார்.

பிரவீன் தரையில் உட்கார்ந்துவிட்டான். வைஜெயந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போன் வந்த நாளிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. தலைவர் கௌரவத்தை விட்டுக்கொடுக்க விரும்பாமல் ஒரு பெட்டியை எடுத்து, எவ்வளவு உறுதியானது பாருங்கள் என்று காட்டப் போனார். பெட்டி கையோடு வந்தது. அதன் அடிப்பாகம் தரையிலேயே தங்கிவிட்டது. இத்தனை வருஷத்து மழை ஈரம் அட்டையைத் தின்று, கயிறு மட்டும்தான் அதைப் பெட்டியாக வைத்திருந்தது. அவர் கையில் இருந்ததைச் சுற்றிவர வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.

மிச்சம் இருந்தவை கடைசிச் சுவரோரத்துப் பெட்டிகள். உண்மையிலேயே சாமான் உள்ளவை. அதைப் பிரிக்கக் கூடாது, பக்காவாகக் கட்டினது, அப்படியே சுவரோரம் இருக்கட்டும் என்றார் அவர். உள்ளே என்ன இருக்கிறது என்று வைஜெயந்தி கேட்டாள். நீதானே வாங்கினாய், நீ சொல் என்றார். அவளுக்கும் முழுக்க ஞாபகமில்லை. பிரவீன் சமையலறையிலிருந்து கத்தியைக் கொண்டுவந்து டேப்பைக் கிழித்தான்.

மிக்ஸி ஒரு தடவைகூட ஓடாமலே துருப்பிடித்திருந்தது. விரிப்புகள் மடிப்பு மடிப்பாகப் பழுத்திருந்தன. ஒன்று மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் தப்பித்திருந்தது. பீங்கான் தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வைஜெயந்தி ஒரு தட்டை எடுத்துத் துடைத்து, விளிம்பில் இருந்த நீலப் பூவை விரலால் தடவிப் பார்த்தாள்.  அதற்குள் பிரவீன் கடைசியாக ஒரு தட்டையான பொதியை வெளியே இழுத்தான். கேரம் போர்டு. பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை.

பிரவீனுக்கு அது எப்படி அங்கே வந்தது என்று தெரியவில்லை. அதை வாங்கும்போது அவன் கைக்குழந்தை. மற்ற இருவருக்கும் தெரியும். உமா ஏழாவது படிக்கும்போது அபர்தீன் பஜார் கடையில் பார்த்துவிட்டுக் கேட்டது. வாங்கினார். வாங்கி, இங்கே மழையில் பாழாகிவிடும், ஊருக்குப் போய் நம் வீட்டில் விளையாடலாம் என்று கட்டி வைத்துவிட்டார். அந்த மாற்றல் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

பிரவீன் அதற்குள் உறையைக் கிழித்து, காலியான இடத்தில் தரையில் போட்டு, காய்களைக் கொட்டிவிட்டான். வைஜெயந்தி தன் முகப் பவுடரைக் கொண்டுவந்து தூவினாள். அவர்கள் இன்னும் பாதி அறையைக் காலி செய்யவில்லை என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. முதல் அடியிலேயே சங்கதி வெளிப்பட்டது. ஈரத்தில் பலகை வளைந்துபோயிருந்தது. யார் எங்கே குறிவைத்து அடித்தாலும் காய்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஜன்னல் பக்கத்து மூலையைப் பார்த்து நடந்தன. அந்த மூலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது வைஜெயந்தி. அவள் வாழ்நாளில் கேரம் ஆடியதில்லை. சும்மா தொட்டாள், சிவப்புக் காய் தானாகப் போய் விழுந்தது.

"இது அன்சர்வீசபிள்ப்பா" என்றான் பிரவீன்.

"வாய மூடிட்டு ஆடுடா" என்றார் தலைவர். அவர் பேண்ட் முட்டியெல்லாம் பவுடர். அடுத்த ஆட்டத்துக்கு இடம் மாற வேண்டும் என்று சண்டை போட்டார். மாட்டேன் என்றாள் அவள். சட்டம் பேசினார். அவள் நகரவில்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதியது. வழக்கமாக அந்தச் சத்தத்துக்கு எழுந்துபோய் எந்தக் கப்பல் என்று பார்க்கிறவர் அன்றைக்குத் தலையைத் தூக்கவில்லை. அவர் குறி பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் பிரவீன் அக்காவுக்கு வீடியோ கால் போட்டு, பலகைக்கு நேராகப் பிடித்தான். உமா சிரித்துக்கொண்டே வந்தவள், பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"அது நான் கேட்டதுல்ல?"

குழந்தைவேலு போனை வாங்கிக்கொண்டார். "ஆமாம்மா. ஊருக்குப் போய் வெளையாடலாம்னு எடுத்து வச்சிருந்தேன்."

"எந்த ஊருப்பா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். அவள் பிறந்தது இந்தத் தீவில். பள்ளிக்கூடம் போனது, சைக்கிள் பழகியது, பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தது எல்லாம் இந்த வீட்டில். எந்தக் கேள்விக்கும் ஆபீஸ் கோப்பைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுகிற குழந்தைவேலு இந்தத் தடவை கேரம் பலகையைப் பார்த்தார். பிறகு, "இங்கதாம்மா" என்றார். "இங்க வந்து ஆடு. ஒங்கம்மா மூலைய விட மாட்டேங்குறா."

 அந்த அறையைக் காட்டு என்று உமா தம்பியிடம் சொன்னாள். அவன் போனைச் சுற்றிக் காட்டினான். பார்க்கும்படியாக ஒன்றும் இல்லை. பாதி குப்பை, பாதி கயிறு.

"ரெண்டு பேரு படுக்க எடம் வருமாப்பா? நெசமா சொல்லுங்க. லாட்ஜ கேன்சல் பண்ணிட்டு வந்து மறுபடியும் ஹால்ல படுக்க முடியாது. அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்குது."

குழந்தைவேலு நீலக் கயிறு கட்டிய பெட்டிகளைப் பார்த்தார். மெயின்லேண்டுக்குப் போகிற அன்றைக்கு அவருக்கு வேண்டியிருக்கிற பெட்டிகள். போகாமலே இருந்துவிட்டால் என்ன என்ற பேச்சை அவர் இதுவரை மனசுக்குள்கூட எடுத்ததில்லை.

"வரும். கேன்சல் பண்ணு" என்றார்.

அன்று சாயங்காலம் அவரே கயிறுகளை அறுத்தார். பழைய சாமான் எடுக்கிற கபாடிக்காரர் வந்து ஈர அட்டையைப் பார்த்து முகம் சுளித்து, போனால் போகிறது என்று ஏற்றிக்கொண்டார். பெட்டிகள் மரைன் ஹில் இறக்கத்தில் ஆடிக்கொண்டே போவதை வராந்தாவில் நின்று பார்த்தவரை வைஜெயந்தி சாப்பிடக் கூப்பிட்டாள். தட்டில் நீலப் பூ இருந்தது. அவர் அதைக் கவனிக்காததுபோல் சாப்பிட்டார். கழுவும்போது மட்டும் வழக்கத்துக்கு மாறாக, தாமே கழுவுவதாகச் சொன்னார். அவள் விடவில்லை, உடைத்துவிடுவார் என்று பயம்.

வியாழக்கிழமை மத்தியானம் விமானத்தில் வந்து இறங்கி, ஆட்டோவில் இருவரும் வந்தார்கள். இந்த அறையைக் காலி செய்தது எப்படி என்பது பற்றிக் குழந்தைவேலு நாலு வார்த்தை தயார் செய்து வைத்திருந்தார். முழுக் கதவும் திறக்கிறதைக் காட்டுவதற்காக அதைத் திறந்து பிடித்துக்கொண்டே நின்றார். உமா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய், வெறும் சிமெண்ட் தரையில் மல்லாக்கப் படுத்துக் கைகள் இரண்டையும் விரித்தாள். எந்தக் கையும் எதன் மீதும் இடிக்கவில்லை. பாயை விரிச்சுக்க, தரை சில்லுன்னு இருக்கு என்று வைஜெயந்தி சொல்லிக்கொண்டேயிருந்தாள். உமா எழுந்திருக்கவில்லை. பிரவீன் கேரம் போர்டை எடுத்து வரப் போனான். நாலு வார்த்தையைக் கேட்க ஆள் இல்லை.

விஜயன் இரண்டு கையிலும் சூட்கேஸோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். போன தடவை ஞாபகத்தில், காலை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து உள்ளே வந்தார்.

"மாமா, சாமான எங்க வைக்கட்டும்?"

குழந்தைவேலு அறையை ஒரு தடவை முழுக்கப் பார்த்தார். அந்த வீட்டில் யாருக்கும் இப்படி ஒரு பதிலை அவர் சொன்னதில்லை. சொல்வதற்கு முன்னால் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"எங்க வேணும்னாலும் வைங்க, மாப்பிள்ள."

பாவம், விஜயன் அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் எங்கே வைப்பதென்று தெரியாமல் அங்கேயே நின்றார்.