முதல் பானையும் ரப்பர் ஸ்டாம்பும்

நோட்டீஸ்படி பார்த்தால் காளியம்மனுக்கு முதல் பானை வைக்க வேண்டியவர் கர்ணன். ‘முதல் பொங்கல் பானை: ஊராட்சித் தலைவி மாரீஸ்வரி அவர்களின் கணவர் உயர்திரு கர்ணன்’ என்று சிவப்பு எழுத்தில் அடித்திருந்தார்கள். இது பொம்பளைகள் மட்டும் வைக்கிற பொங்கல். நாக்கைச் சுழற்றிப் போடும் கொலவைச் சத்தம் கேட்கும் வரைக்கும் ஆம்பளைகள் கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். அச்சடித்தவனைச் சொல்லியும் குற்றமில்லை. மாரீஸ்வரி ஜெயித்த இந்த இரண்டு வருஷமும் அவள் பெயர் வருகிற இடத்தில் எல்லாம் கர்ணன்தான் போய் நின்றார். கூட்டத்துக்கு அவர், கையெழுத்துக்கு அவர், கொடியேற்றவும் அவர்.

தலைவியின் ரப்பர் ஸ்டாம்பு அவர் சட்டைப் பையிலேயே குடியிருந்தது. எங்கள் கீழத்தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போடும் தாளில் மட்டும் அது விழவே இல்லை. குழாய் தன் வாழைத்தோட்டம் வழியாகத்தான் போக வேண்டும் என்று ஐயாவுக்கு ஆசை. இந்தப் பொங்கலுக்கும் அரை மைல் தண்ணீர் சுமந்தோம். என் கழுத்து வலி எனக்குத்தான் தெரியும்.

பொங்கல் அன்றைக்கு எங்களைக் கூலி வேலைக்கு ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்கு ஒரு ஜீப்பும் மலை ஏறவில்லை. அறுபத்து மூன்று பானை வைத்தோம். முதல் பானைக்காரி கொலவை போட்டால்தான் மற்றவர்கள் போடலாம், பானையை இறக்கலாம். மாரீஸ்வரியின் பானை பொங்கி வழிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

“ஏ புள்ள, கொலவை போடு!” என்று கயிற்றுக்கு அப்பால் இருந்து கர்ணன் கத்தினார். கம்பம் டவுனிலிருந்து அவர் கூட்டிவந்த கட்சிக்காரர்கள் பக்கத்தில் பசியோடு நின்றார்கள்.

“அந்த ஸ்டாம்பைக் குடுங்க, போடுறேன்” என்றாள் மாரீஸ்வரி.

எனக்குப் புல்லரித்துவிட்டது. உரக்கப் பேசியே அறியாதவள் அவள்.

“பானை தீயுதுடி!”

“தீயட்டும்.”

கர்ணன் எனக்குக் கொழுந்தன் முறை. நான் சும்மா இருப்பேனா? “ஏன் கொழுந்தனாரே, அவ கையெழுத்தையே நீங்கதான போடுறீக? கொலவையும் நீங்களே போட்டுற வேண்டியதுதான!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மனுஷன் ரோஷத்தில் நாக்கைச் சுழற்றியும் பார்த்தார். இருமல்தான் வந்தது. கட்சிக்காரர் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கருகல் வாடை கிளம்பியது. “குடுத்துத் தொலைப்பா” என்று ஆம்பளைகளே அவரை நெருக்கினார்கள். நியாயம் பேசவில்லை, வயிறு பேசியது. கர்ணன் ஸ்டாம்பைக் கயிற்றுக்கு மேலே நீட்டினார்.

“பேனாவையும் குடுங்க” என்றாள்.

அதையும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். “அக்கா, அந்தத் தாளு?”

கையெழுத்துக்காக நான் கொண்டு அலைந்த குழாய்த் தாள் என் மடியிலேயே இருந்தது. மைக்கு எங்கே போக? தட்டில் இருந்த குங்குமத்தைக் குழைத்து அதில் ஸ்டாம்பைத் தோய்த்துக் குத்தினாள். பக்கத்தில் ஒவ்வோர் எழுத்தாக ‘மாரீஸ்வரி’ என்று எழுதினாள்.

எட்டிப் பார்த்த கர்ணனுக்கு முகம் வெளுத்தது. “அடியே, பழைய தாள்ல இருக்கிற கையெழுத்து மாதிரி இல்லயே இது! ஆபீஸ்ல கேப்பாகளே!”

“கேட்டா என்னையக் கூப்பிடச் சொல்லுங்க. எது என் கையெழுத்துன்னு நானே வந்து சொல்றேன்.”

ஸ்டாம்பை முந்தானையில் முடிந்துகொண்டு அதற்குப் பிறகுதான் கொலவை போட்டாள். மற்ற அறுபத்திரண்டு பேரும் தொண்டை கிழியச் சேர்ந்துகொண்டோம்.

அவள் பானை அடி நன்றாகவே தீய்ந்திருந்தது. அதைச் சுரண்டி கர்ணன் இலையில் முதல் கரண்டியாக நானே வைத்தேன். நோட்டீஸில் முதல் பெயர் அவருடையதுதானே?