சிவப்பு மையில் ஒரு இரண்டு

தேர்தல் முடிந்த மறுநாள் காலை ஒமுர்பெக் என் வகுப்பறைக்கு வந்தான். அந்த அறைதான் எங்கள் ஊரின் வாக்குச்சாவடி. நான்தான் அதற்குத் தலைமை அதிகாரி. அவன் இன்று மாவட்டத் தலைவரின் உதவியாளன். ஒரு காலத்தில் என் கணக்கு வகுப்பில் கடைசி பெஞ்சு.

புது முடிவுத்தாள் ஒன்றை மேசையில் வைத்தான். "அனார்குல் டீச்சர், இதுல கையெழுத்து போட்டு முத்திரை குத்துங்க. நேத்து எழுதினதைக் கிழிச்சிடலாம்."

வாக்காளர் பட்டியலில் இருப்பது 1,140 பேர். வந்தது 868. வேட்பாளராக நின்ற, மாவட்டத் தலைவரின் தம்பிக்கு விழுந்தது 203. இவன் தாளில் அவருக்கு மட்டும் 1,215! செத்தவர்கள் எழுந்துவந்து போட்டிருந்தாலும் கணக்கு உதைக்கும்.

"ஊர்ல இருக்கிற ஆளைவிட ஓட்டு ஜாஸ்தியா இருக்கேடா!"

"உங்களுக்கு எதுக்கு அந்த வம்பு? வெளிநாட்டுக்காரன் ஓஷ் நகரத்து ஓட்டல்ல மூணு நாள் தேர்தல் பயிற்சின்னு சோறு போட்டான். அவன் பாட்டைப் பாடறீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போட்டான். அந்த சூப்பை நாய்கூட குடிக்காது. ஒரு பேனா, ஒரு தொப்பி குடுத்தான். தொப்பி என் புருஷனுக்குப் பத்தல. அந்தக் கண்ணாடி ஓட்டுப்பெட்டியும் அவன் குடுத்ததுதான். கூட்டலையும் அவனா சொல்லிக்குடுத்தான்? இருபத்திரண்டு வருஷமா இந்த ஊருக்கு நான்தாண்டா சொல்லித்தரேன். உனக்குத்தான் ஏறல."

"நாளைக்கு உங்களுக்கு வேலை இருக்காது, டீச்சர்." குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான்.

பயந்தேன். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். நேற்று ராத்திரியே முடிவைக் கதவில் ஒட்டியிருக்க வேண்டும்; 'காலையில் பார்க்கலாம்' என்று தலைமையாசிரியர் தடுத்தார், நானும் கேட்டுத் தொலைத்தேன். இப்படி வளைந்துகொடுப்பது எனக்கு முதல் தடவையுமில்லை. சோவியத் காலத்தில், ஆறாம் வகுப்பில் இவனுக்கு நான் போட்டது ஐந்துக்கு இரண்டு. இரண்டு என்றால் தோல்வி. இவன் அப்பா வந்தார், அன்றைய தலைமையாசிரியர் கண்ணைக் காட்டினார், இரண்டை மூன்றாக்கித் தேற்றிவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இழுப்பறையைத் திறந்தேன். முத்திரை வருகிறதென்று அவன் முகம் மலர்ந்தது. நான் எடுத்தது சிவப்புப் பேனா. அவன் தாளின் நடுவில் பெரிதாக இரண்டு போட்டு, கீழே முழுப்பெயர் எழுதிக் கையெழுத்திட்டேன்.

"என்ன டீச்சர் இது!"

"உன் மார்க்குடா. பதினெட்டு வருஷம் லேட்டு."

நேற்றைய தாளையும் அவன் தாளையும் பள்ளிக் கதவில் அடுத்தடுத்து ஒட்டினேன். வாசலில் முடிவுக்காகக் காத்திருந்தவர்களில் பாதிப்பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். விஷயம் புரிய அவர்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கூட்டம் மாவட்டத் தலைவரின் அலுவலகத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. நான் கோட்டை மாட்டிக்கொண்டு முன்வரிசைக்குப் போனேன்.