வெளிநாட்டுக்காரர்

வாத்தியாருக்கு, பிழைக்கப் போன நாட்டில் அந்த ஊர் மொழி தெரியும். கடையில் பேரம் பேசுகிற அளவுக்கு மட்டுமல்ல. பேப்பரில் தலையங்கம் படித்துவிட்டு அதன்மேல் கோபப்படுகிற அளவுக்குத் தெரியும். ஆனால் அவர் வேலை பார்த்த ஆங்கிலப் பள்ளிக்குள் அவருக்கு அதில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அப்படித்தான் ஏற்பாடு.

ஏற்பாட்டைச் செய்தவர் பள்ளியின் முதலாளியம்மா. வாத்தியார் வந்து சேர்ந்த அன்றே கறாராகச் சொல்லிவிட்டார். ஆபீஸ் முடிந்து ஆங்கிலம் கற்க வருகிற பெரியவர்களுக்கு, எதிரே நிற்கிறவருக்குத் தங்கள் மொழி புரியும் என்று தெரிந்துவிட்டால் ஆங்கிலம் வாயில் வராது. அதனால் வகுப்புக்குள் காது கேட்கக்கூடாது, முகம் மாறக்கூடாது, மாறினால் வேலை இல்லை. வாத்தியார் மண்டையை ஆட்டினார். அப்போது நிஜமாகவே ஒன்றும் தெரியாது, ஆட்டுவதில் என்ன சிரமம்? சிரமமெல்லாம் மொழி வந்த பிறகுதான் ஆரம்பித்தது.

ஒருநாள் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவரிடம், "பாவம், சார் பேண்ட் ஜிப் போடல. யாராவது சொல்லுங்களேன்" என்றார், அவர்கள் மொழியில். இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வாத்தியார் அசையவில்லை. மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டே பாடத்தை முடித்து, எல்லோரையும் அனுப்பிவிட்டுத்தான் கையை இறக்கினார். அந்தக் கதையைக் கேட்டு அவர் மனைவி தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

இப்படியே ஒன்பது வருஷம் போனால் ஒரு மனுஷன் என்ன ஆவான்? சந்தேகப் பிராணி ஆவான். "வெரி நைஸ் கிளாஸ் சார்" என்று ஆங்கிலத்தில் சொன்ன வாய், திரும்பி நின்று, "அறுத்துத் தள்ளிட்டான்யா" என்று தன் மொழியில் சொல்வதை அவர் தினமும் கேட்டார். முகத்துக்கு நேரே சொல்வது ஒன்றும் உண்மையில்லை என்று முடிவு கட்டிவிட்டார். வணக்கம் சொல்கிற காவல்காரரிலிருந்து, படித்துவிட்டேன் என்கிற மகள்வரை எல்லோரையும் ஒரு மாதிரி தலை சாய்த்துப் பார்ப்பார்.

"ஏங்க, பக்கத்து வீட்டம்மா கேக் குடுத்தா வாயில போடணும். ஏன் குடுத்தான்னு உக்காந்து ஆராய்ச்சி பண்ணக் கூடாது" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வார்.

இந்த லட்சணத்தில்தான் அவர்கள் நிரந்தரமாகத் தங்குவதற்கு மனுப் போட்டார்கள். கிடைத்தால் ஆயுசுக்கும் கவலையில்லை. கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மகள் அப்போது எட்டாம் வகுப்பு. அந்த ஊர் மொழியில்தான் கணக்குப் போடுவாள், தூக்கத்தில் திட்டுவதும் அந்த மொழியில்தான். அவளைப் பெயர்த்துக்கொண்டு போய் எங்கே நடுவது?

நேர்காணலுக்குச் சீக்கிரமே கூப்பிட்டுவிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். வாத்தியார் வேர்த்துப் போனார்.

"எல்லாருக்கும் வருஷக்கணக்குல இழுக்கறாங்க. நமக்கு மட்டும் என்ன இவ்ளோ அவசரம்? யாரோ போட்டுக் குடுத்திருக்காங்க."

"உங்களப் போட்டுக் குடுக்க என்ன இருக்கு? கள்ளக்கடத்தலா பண்றீங்க?"

"முதலாளியம்மா நேத்து என்னப் பாத்து, 'எல்லாம் நல்லா நடக்கும்'னு சொன்னாங்க."

"சொன்னா?"

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

மனைவி அவருடைய சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டார்.

அலுவலகத்தில் அவர்களை ஒரு சின்ன அறைக்குள் அனுப்பினார்கள். ஒரு மேஜை, எதிரே இரண்டு நாற்காலி, கார்கள் நிற்கிற முற்றத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். அதிகாரி தலையைக் குனிந்து கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். வாத்தியாருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வழுக்கையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் முடியும்தான். உட்காரச் சொல்லிவிட்டு, நிமிராமலே, தன் மொழியில் முதல் கேள்வியைக் கேட்டார்.

"எங்க மொழி எவ்வளவு தெரியும்?"

பள்ளிக்கு வெளியே, அதுவும் அரசாங்கமே கேட்கிறது. ஒன்பது வருஷமாகப் பூட்டி வைத்திருந்த வாய் அல்லவா, மடை திறந்துகொண்டது.

"நல்லாத் தெரியுங்க. வந்த ரெண்டாவது வருஷமே பேப்பர் படிக்க ஆரம்பிச்சிட்டேன். யாரு எவ்ளோ வேகமாப் பேசினாலும், குசுகுசுன்னு பேசினாலும், ஒரு வார்த்தை தப்பாது."

குனிந்திருந்த தலை நின்றது. பிறகு மெதுவாக நிமிர்ந்தது. முடி கொட்டிப் போயிருந்தது, மூக்கில் புதுசாகக் கண்ணாடி இருந்தது. ஆனால் ஆளைப் பார்த்ததும் வாத்தியாருக்குத் தெரிந்துவிட்டது.

இவர் வாத்தியாரிடம் படித்தவர், வாத்தியாரை வெறும் 'சார்' என்று மட்டுமே தெரிந்தவர். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வருஷம் முழுக்க மாலை வகுப்புக்கு வந்தார். இடைவேளையில் மற்றவர்கள் காபி குடிக்கப் போனதும், இவர் முன் பெஞ்சில் உட்கார்ந்து போன் போடுவார். கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு வாத்தியார் பக்கத்திலேயே நிற்பார். அவரைப் பற்றி என்ன கவலை, அவரும் அந்தக் கரும்பலகையும் ஒன்றுதானே.

போன் அவருடைய அப்பாவுக்கு. அப்பா பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த முதியோர் இல்லத்தில் இருந்தார், பஸ் ஏறினால் அரைமணிகூட ஆகாது. ஆனால் மகன் போனில், "இங்க இப்பத்தான்ப்பா விடியுது. ஆமா, ஒரே குளிரு. வேலை அதிகம், லீவு குடுக்க மாட்டேங்கறான்" என்பார். வெளியே சாயங்கால வெயில் ஜன்னலில் அடித்துக்கொண்டிருக்கும். போனை வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டு, "நான் வெளிநாட்டுலயே இருக்கேன்னு சொல்லிட்டு இரு. வாய் தவறி உளறிடாத" என்பார்.

வாத்தியார் முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டு கேட்பார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அந்த விடியலையும் குளிரையும் நடித்துக் காட்டுவார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவருக்கு வெளிநாட்டுக்காரர் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மனுஷனை வெளிநாட்டுக்காரர் என்று சொல்வதில் அவர்களுக்கு ஒரு தனி ருசி இருந்தது.

இப்போது அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தார். பேனாவும் அவர் கையில் இருந்தது.

"சார், நீங்களா?" என்றார் அதிகாரி. சிரிக்கவில்லை.

மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. வாத்தியாரின் முழங்கையை இடித்து, தமிழில், "யாருங்க?" என்றார்.

"அந்த வெளிநாட்டுக்காரர்டி" என்று வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

பயந்த இடத்தில் சிரிப்பு வந்துவிடுகிறது சிலருக்கு. மனைவி வாயைப் பொத்துவதற்குள் க்ளுக்கென்று வெளியே வந்துவிட்டது.

அதிகாரி இவரையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். இத்தனை வருஷமாக அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்டவர் வாத்தியார். பக்கத்தில் புரியாத மொழி பேசுகிறார்களே, நம்மைப் பற்றித்தானோ என்று ஒரு மனுஷன் தவிப்பதை அன்றைக்குத்தான் மறுபக்கத்திலிருந்து பார்த்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

"ரெண்டாவது வருஷமேன்னு சொன்னீங்க" என்றார் அதிகாரி.

"ஆமாங்க."

"நான் வகுப்புக்கு வந்தது அதுக்கப்புறம்தான்."

"ஆமாங்க."

"அப்ப எல்லாம் கேட்டிருக்கீங்க."

வாத்தியாருக்குப் பின்னால் யாரோ அறைக் கதவைத் திறந்து, ஆளிருப்பதைப் பார்த்து, மறுபடி மூடிவிட்டுப் போனார்கள். வாத்தியார் மனசுக்குள் கணக்குப் போட்டார். இந்த ஆளின் விஷயம் அவருடைய அக்காவைத் தவிர நமக்குத்தான் தெரியும். முடியாது என்று ஒரு வரி எழுதினால் போதும், நாமும் போவோம், நம்மோடு அந்த விஷயமும் ஊரைவிட்டே போய்விடும். எழுதாமல் இருக்க இவர் என்ன தர்மராஜாவா? நான் இவர் இடத்தில் இருந்தால் எழுதியிருப்பேன். மகளின் முகம் வந்தது. கேட்கவில்லை, அரைகுறையாகத்தான் புரிந்தது என்று ஒரு பொய் தொண்டைவரை வந்தது.

"அவங்க ஏன் சிரிச்சாங்க?" என்றார் அதிகாரி.

அந்தப் பொய் இதற்கு உதவாது. வேறொன்று தேடினார், கிடைக்கவில்லை. மேஜைக்கு அடியில் மனைவியின் கை அவர் கையைப் பிடித்தது.

"வீட்ல உங்களுக்கு ஒரு பேர் வெச்சிருக்கோம்" என்றார் வாத்தியார்.

"என்ன பேர்?"

"வெளிநாட்டுக்காரர்."

சொன்ன பிறகு வாத்தியாருக்குக் கூச்சமாக இருந்தது. வேலைக்காகக் காதை மூடினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். வீட்டில் நடித்துக் காட்டியது எந்த வேலைக்காக?

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பொருத்தமான பேர்தான்" என்றார் கடைசியில். "அம்மா போனதுக்கப்புறம் அப்பாவை அங்க விட்டேன். முதல் நாள் பாக்கப் போனப்ப, பையை மடில வெச்சிட்டு, கூட்டிட்டுப் போயிடுவேன்னு உக்காந்திருந்தார். திரும்ப அந்த வாசல மிதிக்க முடியல. வெளிநாடுன்னு சொல்லிட்டேன். அவரும் பெருமையா எல்லார்கிட்டயும் சொல்லிட்டார். ஒருநாள், 'எங்க, இங்கிலீஷ் பேசு பாப்போம்'னார். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

மன்னிப்புக் கேட்கலாமா, கேட்டால் கையெழுத்துக்காகக் கேட்கிற மாதிரி ஆகுமா என்று வாத்தியாருக்கு அதிலும் ஒரு சந்தேகம் வந்தது.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி அதிகாரியானார். கோப்பைப் பார்த்து, எல்லோரிடமும் கேட்கிற குரலில் கேட்டார்.

"சொந்த ஊர்ல யார் இருக்காங்க?"

"அப்பா. அண்ணன் வீட்ல இருக்கார்."

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"ஆறு வருஷம் ஆகுது."

"நீங்க இங்கயே இருந்துடப் போறீங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வி கோப்பில் இருந்ததா, அவராகக் கேட்டாரா என்று வாத்தியார் அந்தக் காகிதத்தைத் தலைகீழாகப் படிக்கப் பார்த்தார். கடைசியாகப் பார்த்துவிட்டு வந்த முதல் வருஷம் வேண்டுமானால், வாத்தியார் தன் அப்பாவிடம் போனில் சொன்னது உண்மையாக இருந்திருக்கும். அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் அதே குரலில் அதையே சொல்லியிருக்கிறார்.

அதிகாரி காத்திருந்தார். பிறகு வாத்தியாரின் மனைவி பக்கம் திரும்பினார்.

"போன்ல என்ன சொல்வார்?"

மனைவி தயங்கினார். கணவரைப் பார்த்தார். கடைகண்ணியில் பேசிப் பழகிய உடைந்த மொழியில்தான் அவரால் சொல்ல முடிந்தது.

"அடுத்த வருஷம் கண்டிப்பா வந்துடறேம்ப்பான்னு சொல்வார்."

"அவர் என்ன சொல்வார்?"

"சரிப்பான்னுவார். வேற ஒண்ணும் கேக்க மாட்டார்."

அதிகாரி கோப்பை இழுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து, கையெழுத்துப் போட்டார். முத்திரையை எடுத்து மேலே வைத்து அழுத்தினார். ஆயுசுக்கும் இருக்கலாம் என்றாகிவிட்டது. மனைவியின் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. வாத்தியாருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அப்பா இனி அவரை எந்த வருஷமும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் அவருக்கு முதலில் உறைத்தது.

"எங்கப்பா இன்னும் எப்ப வர்றேன்னுதான் கேட்டுட்டிருக்கார்" என்றார் அதிகாரி, முத்திரையின் மூடியை மூடிக்கொண்டே. "ஏதாவது உளறுவேன். லீவு இல்ல, டிக்கெட் இல்லன்னு. அவர் விடாம மேல மேல கேப்பார். இது நல்லா இருக்கு."

அடுத்த வருஷம் கண்டிப்பா வந்துடறேம்ப்பா என்று ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, சரியா என்பதுபோல் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் பழக்கதோஷத்தில் தலையை ஆட்டினார்.