கிளி பார்டர் போட்ட இறக்கை

மரகதத்தின் மகள் வெண்பா பட்டாம்பூச்சி இறக்கையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட ஹாலோவீன் ஊர்வலத்துக்குப் போய்வந்த பிறகுதான் ஷ்யாமளாவிடமிருந்து ஃபோன் வந்தது.

"நாளைக்கு சாயங்காலம் எல்லாரும் எங்காத்துக்கு வந்துடுங்கோ மரகதம். எங்க தெருவுல நன்னா கேண்டி குடுப்பா. உங்க அபார்ட்மென்ட்ல யாரு கதவத் தொறக்கப் போறா?"

"சரிங்கக்கா" என்று சொல்லிவிட்டாள் மரகதம். ஃபோனை வைத்த பிறகுதான் இறக்கை ஞாபகம் வந்தது. அந்த இறக்கை மொத்தமும் ஷ்யாமளா கொடுத்த பட்டுப்புடவை.

குழந்தைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கும் ஹாலோவீனுக்குக் கடையில் விற்கும் உடுப்புகளைப் பார்த்து வெண்பா ஆசைப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ஒரே ஒரு நாள் போட்டுக் கழற்றும் துணியைப் பற்றி அவள் அப்பா கதிர் ஒரு பிரசங்கமே வைத்திருந்தான். "உனக்குத்தான் தையல் தெரியுமே, வீட்லயே ஏதாச்சும் பண்ணிடு" என்று அதை முடித்தான். மரகதம் பண்ணினாள். லாண்டரியிலிருந்து வந்த கம்பி ஹேங்கர்களைப் பிரித்து, பக்கத்துக்கு இரண்டாக இறக்கை போல வளைத்தாள். நடுவில் சேர்த்துக் கட்டினாள். மேலே பட்டுத் துணியை இழுத்துப் பிடித்து ஓரம் அடித்தாள். தோளில் மாட்ட எலாஸ்டிக். பழைய ஹேர்பேண்டில் இரண்டு கம்பி, நுனியில் கறுப்புக் கம்பளி உருண்டை. இறக்கையில் ஓடும் நரம்புகளுக்குக் கதிரின் டூல் பாக்ஸிலிருந்து கறுப்பு எலெக்ட்ரிக் டேப். ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது. டீச்சர் வெண்பாவை நிறுத்திவைத்து ஃபோட்டோகூட எடுத்தாள்.

புடவை போன வருஷம் வந்தது. ஷ்யாமளாவின் சான் ஹோசே வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாளே போய், கடைசிப் பாத்திரம் கவிழ்க்கும்வரை மரகதம் அடுப்படியில் நின்றாள். கிளம்பும்போது ஷ்யாமளா தாம்பூலத்தோடு ஒரு பட்டுப்புடவையை வைத்துக் கொடுத்தாள். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர், பார்டர் முழுக்க ஜரிகைக் கிளிகள். "உனக்குன்னே ஆசை ஆசையா வாங்கினேன்" என்றாள். மரகதத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

இந்த செப்டம்பரில்தான் அதை முதல்முறையாகப் பிரித்தாள். மடிப்புக்கு மடிப்பு இழை விட்டுப்போயிருந்தது. பட்டைப் பிரித்து மடிப்பு மாற்றாமல் வருஷக்கணக்கில் வைத்தால் அப்படித்தான் ஆகும். ஒரே வருஷத்தில் ஆகாது. நமக்கு இது போதும் என்று அக்கா நினைத்துவிட்டார்கள் என்று அவளுக்கு மனது விட்டுப்போயிற்று. கதிரிடம்கூடச் சொல்லவில்லை. அவள் ஏன் அதைப் பிரித்தாள் என்ற கேள்வியை இப்போதைக்கு விடுங்கள், அதற்கும் வருவோம்.

சனிக்கிழமை மத்தியானம் வெண்பாவிடம் பேரம் பேசிப் பார்த்தாள்.

"கண்ணு, பட்டர்ஃப்ளைதான் ஸ்கூல்லயே போட்டாச்சில்ல? இன்னிக்கு பெட்ஷீட்ல பேய் வேஷம் போட்டு உடறேன் சாமி."

"நோ அம்மா. ஐ'ம் எ மானார்க் பட்டர்ஃப்ளை."

ஆறு வயதுக்காரியிடம் அதற்கு மேல் பேச முடியாது. டேப்பை எடுத்து, தெரிகிற கிளிகளின் மேலெல்லாம் ஒட்டினாள். டேப் தீர்ந்துபோயிற்று, கிளிகள் தீரவில்லை. இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

ஷ்யாமளாவின் ஹாலில் விளக்குக்குப் பஞ்சமே இல்லை. அவள் மகள் ஹம்சா கடையில் வாங்கிய இளவரசி கவுனில் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊர் ஃப்ரீமாண்ட்டிலிருந்து வந்திருந்த சிநேகிதி புஷ்பவல்லி, சோபாவில் பாவ் பாஜித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். கூட இன்னும் இரண்டு பெண்கள். ஆண்கள் கொல்லைப்பக்கம் போய்விட்டார்கள்.

"அடடே, என்ன அழகு. யாருடி பண்ணிக் குடுத்தா?" என்று ஷ்யாமளா குனிந்தாள்.

"அம்மா" என்று வெண்பா ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

ஷ்யாமளாவின் விரல் இறக்கையின் ஓரத்தைத் தடவி நின்றது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, குரல் மட்டும் இறங்கியது.

"மரகதம், இது நான் குடுத்த பொடவைதானே?"

புஷ்பவல்லியும் மற்ற இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்குன்னே ஆசை ஆசையா வாங்கினது. பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமே. கத்திரியப் போட்டுட்டியே."

கிழிந்த புடவை அக்கா அது என்று சொல்லிவிடலாம். ஆனால் அவள் வீட்டில், அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? வெண்பாவுக்கு ஜுரம் வந்தபோது காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவள் ஷ்யாமளா. இந்த ஊரில் மரகதத்துக்கு மனிதர்கள் என்று இருந்தது இந்த ஹாலில் இருந்தவர்கள்தான். பூமி பிளந்து வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"தப்புதானுங்கக்கா" என்றாள்.

"நோ, ஆன்ட்டி" என்றாள் வெண்பா. "இட் வாஸ் ஆல்ரெடி டோர்ன்." முதுகைத் திருப்பிக் காட்டினாள். "சீ? தி பிளாக் லைன்ஸ் ஆர் வேர் இட் வாஸ் டோர்ன்."

ஷ்யாமளா டேப்பின் ஓரத்தை நகத்தால் லேசாகத் தூக்கினாள். அடியில் பட்டு இரண்டாக நின்றது. அடுத்த நரம்பிலும் அப்படியே.

"இரு இரு" என்று சோபாவிலிருந்து எழுந்து வந்தாள் புஷ்பவல்லி. அவளுக்கு இதில் கபடம் எதுவும் கிடையாது, ஞாபகசக்தி மட்டும் அதிகம். "இந்தக் கிளி பார்டரு... ஷ்யாமளா, ஹம்சாவோட ஃபர்ஸ்ட் பர்த்டேக்கு நான் உனக்கு வெச்சுக் குடுத்ததில்ல இது?"

ஹம்சாவுக்கு இப்போது ஏழு வயது. உனக்குன்னே ஆசை ஆசையா வாங்கினது என்ற பேச்சு இன்னும் ஹாலில் சூடு ஆறாமல் இருந்தது. ஷ்யாமளாவின் முகம் செத்துப்போயிற்று. நிலைமை புரிந்து புஷ்பவல்லி சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள். "எனக்கும் அது யாரோ வெச்சுக்..." என்று தொடங்கி, பாதியிலேயே தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். யாரோ யார் என்று யாரும் கேட்கவில்லை. நல்லவேளையாக வாசல் மணி அடித்தது. யாரோ கேண்டிக் கூடையோடு ஓடினார்கள்.

ஷ்யாமளா மரகதத்தின் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். படுக்கையறைக் கதவைச் சாத்தியதும் அழுதுவிட்டாள்.

"நான் பிரிச்சே பாக்கலை மரகதம். ஒரு தடவை பிரிச்சிருந்தா இப்படி ஆயிருக்குமா? கட்டிக்கணும்னு நீ எவ்வளவு ஆசையா பிரிச்சிருப்பே. அதையும் முழுங்கிண்டு, என் மானத்தக் காப்பாத்தறதுக்கு தப்புதான்னு வேற சொல்றியே."

பெட்டியைத் திறந்து ஒரு மயில்கழுத்து நிறப் பட்டை எடுத்தாள். அவளுடைய கல்யாணத்தில் நலங்குக்குக் கட்டியது. நாப்தலினும் அவள் சென்ட்டும் கலந்து மணத்தது. "இது யாரும் எனக்கு வெச்சுக் குடுத்ததில்லை. எங்கம்மா எடுத்தது. நீ கட்டிக்கணும்" என்று மேலே குங்குமச் சிமிழை வைத்து நீட்டினாள்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். செப்டம்பரில் புஷ்பவல்லி ஃப்ரீமாண்ட்டில் வீடு வாங்கி கிரகப்பிரவேசம் செய்தாள். அவளுக்கு வைத்துக் கொடுக்கலாம் என்றுதான் மரகதம் அந்தப் புடவையை எடுத்தாள். கறை கிறை இருக்கிறதா என்று பார்க்கத்தான் பிரித்தாள். அதைக் கட்டிக்கொள்ளவேண்டும் என்று ஒருநாள்கூட அவளுக்குத் தோன்றியதில்லை. மடிப்பு விட்டிருக்காவிட்டால் அது புறப்பட்ட இடத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கும். விட்டிருந்ததால் கடைசி நேரத்தில் ஒரு குத்துவிளக்கு வாங்கவேண்டியதாயிற்று.

அக்கா, நான் கட்டறதுக்குப் பிரிக்கலைங்க. அவ்வளவுதான் சொல்லவேண்டியது. மரகதம் வாயைத் திறந்தாள். அதற்குள் ஷ்யாமளா, கண்ணைத் துடைத்த ஈரக் கையால் அவள் நெற்றியில் குங்குமம் வைத்தாள். மரகதம் தன்னையே அருவருத்துக்கொண்டு, இரண்டு கையாலும் புடவையை வாங்கிக்கொண்டாள்.

"சரிங்கக்கா" என்றாள்.

கீழே இறங்கி வந்தபோது, புஷ்பவல்லி படிக்கட்டின் அடியிலேயே காத்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த புடவையைப் பார்த்தாள். மரகதத்தின் தோளைத் தொட்டாள்.

"நீ தங்கமான பொண்ணு மரகதம். வேற யாராயிருந்தாலும் அந்தக் கிளி பார்டர் புடவைய இன்னொருத்தர் தலையில கட்டியிருப்பாங்க."

மரகதம் வெண்பாவைக் கூப்பிட்டு நிறுத்தி, குனிந்து, நன்றாக இருந்த எலாஸ்டிக்கை வெகுநேரம் சரிசெய்துகொண்டிருந்தாள்.