பேசினது நான்தான்

அந்தத் தையல் ஆலையில் அவளுக்கு ஊமைச்சி என்று பெயர். ஒன்பது வருடமாகச் சட்டைக் காலர் தைக்கிறாள். ஒருநாளும் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டில் அவள் வாய் திறந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும் என்பது பாவம், ஆலைக்காரர்களுக்குத் தெரியாது.

அங்கே நாற்பது பெண்களுக்கு ஓர் அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவள்தான் கழிப்பறைக்குப் போகலாம்; அவள் திரும்பி வந்தால்தான் அடுத்தவள். மதியத்துக்கு மேல் அந்த அட்டையும் மேற்பார்வையாளரின் மேசைக்குள் போய்விடும். குடித்தால்தானே போகவேண்டும் என்று பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள். ஊமைச்சிக்குச் சிறுநீரகம் கெட்டது அப்படித்தான்.

இதைப் படமாக்க ஒருத்தி ஆறு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஆவணப்படம் எடுப்பவள், பெண்கள் அவளைப் படக்காரி என்றார்கள். எல்லோரும் கதவைச் சாத்தியபோது, ஒரு விடுமுறை நாளில் ஊமைச்சி மட்டும் கேமரா முன்னால் உட்கார்ந்து கொட்டித் தீர்த்துவிட்டாள். அடக்க முடியாமல் நாற்காலியிலேயே நனைந்துபோய், அந்த ஈரத்திலேயே சாயங்காலம்வரை தைத்த நாளைப் பற்றியும் சொன்னாள். அவள் அழவில்லை. படக்காரிதான் மூக்கை உறிஞ்சினாள்.

படக்காரி நல்லவள். நல்லவர்கள் செய்கிற தப்பையே அவளும் செய்தாள். இந்த அக்காவின் பிழைப்பில் மண் விழக்கூடாதென்று, அந்த அக்காவை ஒரு வார்த்தை கேட்காமல் முகத்தை மங்கலாக்கிக் குரலையும் மாற்றினாள். இரண்டு நிமிட முன்னோட்டம் போனுக்குப் போன் பரவியது. ஆலையின் நீல மேலங்கிக்கு மேல் ஒரு மாவு உருண்டை உட்கார்ந்துகொண்டு ஆண்பிள்ளைக் குரலில் பேசியது.

மேலாளருக்கு மூக்குக்கு மேல் கோபம். யார் இவள் என்று யோசித்தார். ஆலையிலேயே வாய்த்துடுக்கு அதிகம் ஊமைச்சியின் நாத்தனாருக்குத்தான். பக்கத்து மெஷினில் பொத்தான் வைப்பவள், கைக்குழந்தைக்காரி. வேறு யோசனையே இல்லாமல் அவளை வேலையைவிட்டு நீக்கினார். பேசியது யார் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லை. "விடுங்க அண்ணி, ஒருத்திக்காவது வேலை இருக்கட்டும்" என்றாள்.

 ஊமைச்சி நேரே மேலாளரிடம் போய், பேசியது தான்தான் என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். உனக்கு வாய் இருப்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது, நாத்தனாருக்காகப் பொய் சொல்லாமல் போய்க் காலரைத் தை என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் நம்ப ஆளில்லை. ஒன்பது வருடம் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததற்கு இதுதான் கிடைத்த மரியாதை.

வேலை முடிந்ததும் படக்காரியின் அறைக்குப் போனாள். ஒரு கடைக்கு மேல் மாடி, ஒரே ஜன்னல், இரண்டு திரைகள், தரையெல்லாம் ஒயர். படத்தில் என் முகத்தைக் காட்டு என்றாள். படக்காரி வழக்கு வரும், வேலை போகும் என்று என்னென்னவோ எடுத்துச் சொன்னாள். எல்லாம் உங்கள் நல்லதுக்குத்தான் அக்கா என்றாள்.

"திருடினவங்க மூஞ்சியைத்தான் இப்படி மூடுவாங்க. நான் என்ன திருடினேன்? மூடுறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டியா? அவளுக்கு வேலை போச்சு, எனக்கு மூஞ்சி போச்சு. ரெண்டையும் திருப்பிக் குடு."

படக்காரிக்குச் சுருக்கென்று தைத்தது. தப்புதான் அக்கா என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மாவு உருண்டை கலைந்து, மூக்கோரத்து மருவோடு ஒரு முகம் வந்தது. தான் பேசுவதை ஊமைச்சி அன்றைக்குத்தான் பார்த்தாள். அவளுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது.

மறுநாள் காலையில் மேலாளரின் மேசைமேல் போனை வைத்து அந்தப் படத்தை ஓடவிட்டாள். அவர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. சரி, உன் நாத்தனார் நாளையிலிருந்து வரட்டும், நீ கிளம்பு என்று ஒரு காகிதத்தை எடுத்தார். காரணம் என்ற இடத்தில் "ஒழுங்கீனம்" என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார்.

அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது யாருக்கும் புரியாது சார். அட்டை இல்லாம கழிப்பறைக்குப் போகணும்னு சொன்னாள், அதனால நீக்குறோம்னு எழுதுங்க. உங்க கையெழுத்தும் போடுங்க, நானும் போடுறேன். இந்தக் காகிதத்தையும் படத்துல காட்டணும்."

மேலாளர் பேனாவைத் திறந்தார். மூடினார். வெளியே மெஷின்கள் ஓட ஆரம்பித்திருந்தன. ஊமைச்சி அவர் எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"மெதுவா எழுதுங்க சார். அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கிறது எனக்குப் பழக்கம்தான்."